ரசீது

ஜெராக்ஸ் கடையில் கிழித்துப்போட்ட
ரசீதுக் குவியலில் கிடந்ததால் அந்தப் பெயர்.
மூன்று வருஷம் பெருங்குடியே
அவளுடையதாகத்தான் இருந்தது.

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
எழுதி வைத்திருக்கிறேன்:
ஆனியில் ஓணான், வால் இல்லாமல்.
அணில் குஞ்சு ஒன்று, கண் திறக்காதது.
தேன்சிட்டு, ஆண்,
ஊதாத் தொண்டை
என் பெருவிரல் நகத்தளவு.
மழை விட்ட ஒரு காலையில்
சதுப்புப் பக்கமிருந்து வழி தவறிய
பேர் தெரியாத ஏதோ குஞ்சு,
உடம்பைவிடக் கால் நீளம்.
அதைத் தலையணை அருகே வைத்துவிட்டு
வாடகை கொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான் வலைக்காரரைக் கூப்பிட்டேன்.
புறாவுக்கா மேடம், என்றார்.
புறா பிழைக்கட்டும்னுதான், என்றேன்.
கொக்கி அடிப்பதை நிறுத்தி
ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கீழ்வீட்டு ஹெப்சிபா மாடியேறி வந்தாள்.
பூனை என்ன குரோட்டன்ஸா, தொட்டியில வைக்க?
தெருவுல இருபது சுத்துதே,
அதுங்க என்ன சாம்பார் சாதமா சாப்பிடுது?
இந்த பிளாக்கே தண்ணி நின்ன இடம்.
லாரி லாரியா மண்ணடிச்சப்போ
எத்தனை முட்டை உள்ளே போச்சோ,
அதுக்கு யாரு வலை கட்டுறது?

பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.
அட்வான்ஸ் கட்டிய ரசீது
பீரோவில்தான் இருக்கிறது, என் பேரில்,
பிளாஸ்டிக் உறை போட்டு.

மூன்று இரவு கதவைப் பிறாண்டினாள்.
நாலாவது இரவு என் காலை.
இப்போது கயிற்றில் கட்டிய கோழியிறகைத்
துரத்துகிறாள், ஐந்து நிமிஷம்.
அதற்குமேல் அவளுக்கே தெரிந்துவிடுகிறது
அது யாருமில்லை என்று.
கொஞ்சம் பெருத்துவிட்டாள்.
மதியங்களில் ஜன்னலை
டிவி மாதிரி பார்க்கிறாள்.

நேற்று வலைக்கு வெளியே
மஞ்சள் வயிற்றுப் பெட்டை ஒன்று,
தேன்சிட்டுதான். அந்த ஆணின் ஜோடியோ என்னவோ,
கேட்கவா முடியும்.
ரசீதின் தாடை படபடவென்று அடித்துக்கொண்டது.
நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
வலைக் கண்ணில் சிக்கியிருந்த
ரசீதின் முடியைக் கொத்தி இழுத்தது சிட்டு.
வரவில்லை.
இறக்கை அடித்து, தலைகீழாய்த் தொங்கி,
மறுபடி இழுத்தது.

குக்கர் விசிலடித்ததில்
நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம்.
திரும்பினால் யாருமில்லை.
வலையில் கொஞ்சம் முடி குறைவு.