ஒரே ஒரு பெண்

மோன்பெல்லியே, ஆய்வகம், இரண்டாம் மாடி.
காமார்க் வயலிலிருந்து வந்த
பதினோரு நாற்றுகள்
ஈரக் காகிதத்தில் கிடக்கின்றன.
வேர்நுனி ஒவ்வொன்றும் வீங்கி, கொக்கிபோல் மடங்கி,
எதையோ மாட்டி இழுக்கக் காத்திருப்பதுபோல.

அனுப்பியவர் மதாம் சோலான்ஷ் ரிபேர்.
பையின்மேல் நீல மையில்:
"மஞ்சள். குட்டை. தண்ணீர் உண்டு, உரம் உண்டு.
பிறகென்ன?"

இரவு முழுக்கப் புனலில், மெல்லிய தாள் வழியே
நூற்புழுக்கள் இறங்கியிருந்தன.
ஒரு சொட்டு வெந்நீர்.
சாகும்போது ஒவ்வொன்றும் தன் குலத்துக்கென்று
ஒரு கிடை வைத்திருக்கிறது:
சில சுருளும், சில கோலாக நீளும்,
இவையோ
அரிவாள் என்றுகூடச் சொல்லமுடியாத
சின்ன வளைவு.

வால் அறுபத்தொன்பது மைக்ரான்.
வாலின் கடைசியில், உள்ளே எதுவுமற்ற கண்ணாடித் துண்டு
பதினேழு.
இரண்டு முறை அளந்தேன் அந்த எதுவுமற்றதை.

"குஞ்சுகள் போதாது, பெண்ணைக் காட்டு"
என்றான் பெர்த்ராம், கோப்பையைக் கழுவியபடி.

பெண் நகர்வதில்லை.
வேருக்குள் பேரிக்காயாய் ஊதி
அங்கேயே முட்டையிட்டு அங்கேயே முடிகிறாள்.
அவளை அறிய முகம் பார்ப்பதில்லை;
பின்புறத்தை வெட்டி, உள்ளிருப்பதை வழித்தெறிந்து
தோலின் வரிகளைப் படிக்க வேண்டும்,
பத்திரத்தில் வைத்த கைநாட்டைப்போல.
("அங்க என்னதான் வேலை பாக்குறே?"
காரைக்காலிலிருந்து மதினி கேட்டபோது
விவசாயம் என்று சொல்லிவைத்தேன்.)

பதினோரு நாற்றில்
ஒரே ஒரு பெண்.
அமிலத் துளியில் வைத்தேன். மூச்சை நிறுத்தினேன்.
கத்தி வழுக்கியது.
ஒரு சிறு மேகம்,
அவ்வளவுதான்.

மதியம் தொலைபேசி.
"இத்தாலியில், போ ஆற்றங்கரையில்
என் மருமகளின் அப்பாவுக்கு நெல் வயல்.
அங்கே ஒரு பெயர் சொன்னார்கள்.
சொல்லிவிட்டு வயலை மூழ்கடித்தார்கள்.
அந்தப் பெயரா?"

பதினேழு, என்றது என் நாக்கின் நுனி.
வெளியே வந்தது: "இன்னும் தெரியவில்லை, மதாம்."
இரண்டும் உண்மை.

படிவத்தில்
பேரினம்: மெலாய்டோகைனி.
சிற்றினம்: ஒரு கோடு.
அந்தக் கோட்டின் நீளத்துக்குள்
பன்னிரண்டு ஹெக்டேர், ஒரு டிராக்டர் கடன்,
மேட்டுக்கரையில் நிற்கும் நாரைகள்,
அவற்றின் காலில் ஒட்டும் சேறு.

"இன்னும் நாற்பது நாற்று அனுப்புங்கள்,
மண்ணோடு. கழுவ வேண்டாம்."

"நாற்பதா."
அந்தப் பக்கம் மதகுத் தண்ணீர் இரைந்தது.
"அடுத்த பாத்தியில் பச்சையாக நிற்கிறதே,
அதையும் பிடுங்கவா?"

அதையும், என்றேன்.
முக்கியமாக அதை.