பதினோராம் வாசகம்

ஒப்பமிட்ட அன்று கட்லட் தந்தார்கள்.
பேனையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
வைத்துக்கொண்டேன்.

மாதம் ஆயிரத்து அறுநூறு கூட,
ஆளுக்கொரு மழைக்கோட்டு,
பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வெசாக்குக்கும் முற்பணம்.
பதிலுக்கு மூன்று வருடம்
வேலைநிறுத்தம் இல்லை.
மெதுவேலை இல்லை.
ஒரே நாளில் எல்லோருக்கும் காய்ச்சல் வருதலும் இல்லை.
அதற்குச் சிரித்தோம்.
முகாமையாளரும் சிரித்தார்.

செயலாளர் நான்.
சீனக்குடாவில் கோதுமைக் கப்பல் இறக்கும்
நூற்று முப்பது பேருக்கும்
என் ஒரு கையெழுத்து.

ஐப்பசியில்
கிண்ணியா நிஸ்தாரின் இரண்டு விரல்களைப்
பட்டி உருளை இழுத்தது.
காவல்தட்டு இல்லாத உருளை;
சித்திரையிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.
விரல்களைத் தேடினோம்.
கோதுமைக்குள் ஒன்று கிடைத்தது.
இருபது நிமிடத்தில் பட்டி மறுபடி ஓடியது.

யாரும் முகாமையாளரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.
முறைப்பாடு எழுதியாச்சு, என்றேன்,
நடுவர் வருவார், இருபத்தொரு நாள்.
ஜினதாச தலைக்கவசத்தைக் கழற்றி
அதற்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்து மணித் தேநீரில்
பாலையூற்று குலநாயகம் கேட்டான்:
"செயலாளர், அந்த ஒப்பந்தத்தை ஒருக்கா வாசியுங்கோ.
உறுப்பினர் கேட்டால் சங்கம் விளக்க வேணுமெண்டு
நாலாம் வாசகத்தில கிடக்கு."
கிடக்கிறதுதான்.
அவர்களே போட்டது.

வாசித்தேன், முன்னுரையிலிருந்து.
"விளங்கேல்ல, இன்னொருக்கா."
வாசித்தேன்.
ஜினதாசவுக்குச் சிங்களத்தில்.
பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம்,
உரத்து.
'இத்தால்' என்றால் என்ன?
'மேற்சொன்ன' என்றால் எதற்கு மேலே?
பத்தேகாலுக்கு மணி அடித்தது.
ஒருவனும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

இறக்க இறக்க உயரும் கப்பல்
உயராமல் நின்றது.
வெறும் பட்டி ஓடியது,
புறாக்கள் அதில் இறங்கிப் பார்த்து
ஏமாந்து எழும்பின.

முகாமையாளர் வந்தார்,
தன் பிரதியோடு.
எந்த இடம் என்று கேட்டார்.
ஆறாம் பக்கம் சேர், என்றேன்.
விரலை வரியில் வைத்து
அவரும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

பதினோராம் வாசகத்துக்கு வந்தபோது
பதினொன்றரை.
தொண்டை வறண்டுவிட்டது.
யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.
பக்கத்தைத் திருப்பப் பயமாயிருந்தது.
இன்னும் ஒரு பக்கம்தான்,
அதில் வாசிக்க ஒன்றுமில்லை,
என் பெயர்.