பட்டிப்பொல, ஏழாவது ஓட்டம்

மென்பொருள் முதலில் கேட்டது
உறைபனி நாட்கள் எத்தனை என்று.
ஏதோ குளிர்நாட்டுக் காட்டுக்கு
யாரோ இட்டுவைத்த நூற்று நாற்பது.
அழித்து, ஐந்து என்றேன்,
தை மாதம் உருளைக்கிழங்குச் செடி
கருகிய காலைகளை எண்ணி.

கீன மரத்தின் உச்ச உயரம்: பன்னிரண்டு மீற்றர்.
விதை எவ்வளவு தூரம் போகும்?
வௌவாலைக் கேட்கவேண்டிய கேள்வி.
அறுபது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மூடுபனிக்கு நிரல் இல்லை.
இலைநுனியில் சொட்டும் ஈரத்தை
மழையோடு கூட்டிப்போடு என்றார் பேராசிரியர்.
கூட்டினேன், மனமில்லாமல்.

பிறகு அந்த வரி:
மனிதர் வெட்டும் விறகு, ஹெக்டயருக்கு, ஆண்டுக்கு.
பழைய அறிக்கையொன்று
'தோட்டத்து ஆட்கள்' என்று தலைப்பிட்டு
பெரிய இலக்கம் ஒன்றை எழுதி வைத்திருந்தது.
என் அக்கா தோட்டத்து ஆள்.
சனிக்கிழமை அவள் இறக்கிய கட்டைத்
தராசில் தொங்கவிட்டேன்:
பதினெட்டு கிலோ. பாதி கவாத்துக் குச்சி.
"அப்படியே காட்டையும் நிறுத்துப் பாரு" என்று சிரித்தாள்.

ஏழாவது ஓட்டம்.
விறகுக்குப் பூச்சியம் போட்டேன்.
மரைகளையும் விரட்டிவிட்டேன்.
மடிக்கணினி விசிறி இரைய
இருநூறு ஆண்டுகள் நாலரை நிமிடத்தில் நகர்ந்தன.
எண்பதாம் ஆண்டில் கீன மரங்கள்
உச்சியிலிருந்து காயத் தொடங்கின,
ஒரு கத்தியும் படாமல்.

எட்டாவதற்கு முன் கதவைத் திறந்தேன்.
பதுளை ரயில் கூவிப் போனபிறகும்
புகார் நின்றது தண்டவாளத்தின் மேல்.
முகம் நனைந்தது.
எவ்வளவு என்று பார்க்க
வாசலில் ஒரு ஜாம் போத்தலை வைத்தேன்.