றப்பர்க் கத்தி

மாங்குளத்தில், முன்பு நெல்லடுக்கிய களஞ்சியத்தில்
ஏழு மெத்தைகள் போட்டிருக்கிறார்கள்.
இடுக்குகளில் இன்னும் உமி.
விழுந்தெழும்பினால் இரவு முழுக்கக் கழுத்துக் கடிக்கும்.

ஏக்கநாயக்க சேர் எண்ணுவார்.
எக்காய்: கத்தி வரும்.
தெக்காய்: மணிக்கட்டைப் பிடி.
துனாய்: முறுக்கு, விழுத்து.
கத்தி பச்சை றப்பர்.
குத்துகிறவள் துஷ்யந்தி, என்னோடு ஒரே நாளில் எடுபட்டவள்.
குத்திய கையை நீட்டியபடியே நிற்பாள்,
பஸ்ஸை மறிக்கிற மாதிரி,
நான் போய்ப் பிடிக்குமட்டும்.
விழுவதற்கு முதல் கொண்டையைத் தொட்டுப் பார்ப்பாள்.
"ஹொந்தய்" என்பார் சேர்.
எனக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி.

சித்திரை பதினொன்று, இரவு எட்டேகால்.
முத்தையன்கட்டு இடதுகரை.
மனுசிக்கு அடி விழுகுது என்று
பக்கத்து வளவுப் பெடியன் ஃபோன் எடுத்தான்.
சார்ஜனும் நானும் ஒரே மோட்டார்சைக்கிள்.
யானைவேலி தாண்டினால் லைற் இல்லை,
டோர்ச்சில் சாகப்போகிற பற்றரி.

கடாட்சம் என்று பேர். கசிப்பு மணம்.
கையில் மீன் வெட்டுகிற கத்தி,
பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தான்.
அவன் எண்ணவில்லை.
எக்காய்க்கு முதலே வந்துவிட்டான்.
வந்த கை நிற்கவுமில்லை,
தையல்மெஷின் ஊசிபோலப் போய்ப்போய் வந்தது.
மணிக்கட்டைப் பிடித்தேன், படித்தபடிதான்.
ஜப்பான் மீன் வழுவழுப்பு.
கழன்று போனது.
சப்பாத்து ஈரக் கிடுகில் சறுக்க
கையில் அகப்பட்டதைப் பிடித்தேன்: சாறம்.
அது என்னோடு வந்துவிட்டது.

அவனுக்கு வெட்கம் வந்தது.
சத்தியமாக.
கத்தியைப் போட்டுவிட்டு
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தினான்.
சார்ஜன் பாய்ந்து அமுக்கினார்.

அப்போதுதான் என் பின்மண்டையில் விழுந்தது.
உலக்கை என்று நினைத்தேன்.
விளக்குமாற்றுத் தடி.
அவன் மனுசி. உதடு வெடித்து, இரத்தம் நாடியில் வழிய:
"என்ர மனுசனை அம்மணமாக்க
நீ ஆரடி?"

ஐந்து தையல்.
'உரிய பிடிமுறையைப் பிரயோகித்துச் சந்தேகநபர் மடக்கப்பட்டார்'
என்று சார்ஜன் சிங்களத்தில் எழுதினார்.
வாசித்து விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த புதன், களஞ்சியத்தில்
துஷ்யந்தியிடம் சொன்னேன்:
கையை நீட்டிக்கொண்டு நிக்காதை. குத்து, இழு, திருப்பிக் குத்து.
குசினியிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து
முழங்கைமட்டும் பூசிவிட்டேன்.
றப்பர் அலகில் சோக்கட்டி தேய்த்தேன்.
"தையல் பிரியப்போகுதடி" என்றாள்.
பிரியட்டும், லைற்றை நிப்பாட்டு.

இருட்டில் மூச்சு மட்டும்.
ஒருமுறை அவள் கொண்டை என் வாய்க்குள்.
அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை,
ஆனால் நிறுத்தவில்லை.

சேர் வந்து சுவிச்சைப் போட்டார்.
என் சட்டையைப் பார்த்தார்.
விரலால் தொடாமல், காற்றில் சுட்டிச் சுட்டி
எண்ணத் தொடங்கினார்:
எக்காய், தெக்காய், துனாய்.
துனாயில் நிற்கிற பழக்கம்; நின்றார்.
பிறகு, ஹத்தறாய்.
பஹாய்.
பதினொன்றுவரை போனார்.
கடைசி இரண்டும் முதுகில்,
அதற்கு என்னைச் சுற்றி நடக்கவேண்டியிருந்தது.

பின்னேரம் குழாயடியில் சட்டையை உதறினேன்,
சோக்கும் உமியும்.
துஷ்யந்தியின் எண்ணெய் என் கையில் இன்னும்.
சோப் மூன்று தரம் வழுக்கி விழுந்தது.
மூன்று தரமும் குனிந்து எடுத்தேன்,
முதுகைச் சுவருக்குக் கொடுத்து.