பத்து மணி வெளிச்சம்

ஆகஸ்ட் கடைசியில்
சிமெண்ட் மூட்டையைக் கிழித்து உள்தாளை எடுத்து
அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்:
பதினோரு வாரம், மூன்று பாடம்,
படிக்காமல் போன இரண்டு வருடம்.
கட்டம் கட்டமாக அடைத்து முடித்தபோது
நடக்கிற காரியம் போலத்தான் இருந்தது.

கௌட்ரே பார்க்கில் மின்சாரம்
இரவு பத்துக்கு வரும், நாலுக்குப் போகும்.
சில நாள் பத்தரை.
சில நாள் வரவே வராது, கேட்க ஆளில்லை.
வந்ததும் தெருவே எழுந்துகொள்ளும்.
எதிர்வீட்டில் வெல்டிங் பொறி பறக்கும்,
அம்மா ஒரு வாரத்துச் சட்டைகளை விரித்து
இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்,
மெலூசி நான்கு போன்களைச் சொருகுவான்.
மேஜையில் எனக்கு மிஞ்சியது
இஸ்திரிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நோட்டு அகலம்.

பகலில் த்லோத்லோவின் கடையில் ஆணி நிறுப்பேன்.
ரசீதின் பின்பக்கம் தொகையீடு போடுவேன்.
ஒருமுறை விலை கேட்டவரிடம்
"இரண்டு டாலர், கூட்டல் சி" என்றேன்.
அவர் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு
"சி என்னிடம் இல்லையே, மகளே" என்றார்.

விண்ணப்பத்தில் பள்ளியின் பெயருக்கு
ஒரு வரி விட்டிருந்தார்கள்.
அதில் சின்னதாகக் கோடு இழுத்தேன்.
கட்டணம்
அந்தக் கோட்டுக்கும் சேர்த்துத்தான்,
இரண்டு மாதச் சம்பளம்.

பழைய இயற்பியல் புத்தகத்தில்
இருநூற்றுப் பதினொன்று முதல்
இருநூற்று இருபத்தாறு வரை இல்லை.
விற்றவன் வாயைத் திறக்கவில்லை.
கோம்பி வண்டியில் கதவு தட்டும் முதுலிசியும்
இதே பரீட்சைதான் என்று
டிக்கெட் காசு கொடுக்கும்போது தெரிந்தது.
அவன் போனில் அந்தப் பக்கங்கள் இருந்தன,
படமெடுத்து, கொஞ்சம் சாய்வாக.
ஆறு நிறுத்தத்துக்குள் எழுதிக்கொண்டேன்.
திரையில் விழுந்திருந்த கீறலைக்
கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டு
எட்டு நாள்
எல்லாக் கணக்கையும் தலைகீழாகப் போட்டேன்.
எட்டு நாளும் விடை
ஒழுங்காக வந்த மாதிரியே இருந்தது,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜகரண்டா பூத்துவிட்டால்
பரீட்சை வந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள்.
பூத்துவிட்டது.
நான் மூன்று வாரம் பின்னால்.
தகரக் கூரைக்கு அடியில் அக்டோபர்.
அட்டவணையைத் தரையில் விரித்து
எதை விடுவது என்று பார்த்தேன்.
படிப்பதைப் பற்றி ஆயிரம் பேர் சொன்னார்கள்,
விடுவதைப் பற்றி
ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.
பென்சீனை விட்டேன்.
நான்கு கட்டங்கள், ரப்பர் நுனியால்.
அன்றிரவு
வெட்கம்கெட்ட தூக்கம் தூங்கினேன்.

நவம்பர், இரண்டாம் தாள், நான்காம் கேள்வி.
சந்தையில் கடன்காரரைக் கண்ட மாதிரி
முதலில் பக்கத்தைத் திருப்பினேன்.
மற்றதெல்லாம் எழுதி முடித்து
வேறு வழியில்லாமல் திரும்பி வந்தேன்.
அறுகோணம் வரைந்தேன், உள்ளே வட்டம்.
சிமெண்ட் தாளில் கோடு போட்டுப் பழகிய கை,
ஆறு பக்கமும் அச்சுப் போல வந்தது.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
இரண்டு வரிசை முன்னால் முதுலிசி
வண்டி கிளம்பச் சொல்வது போல
மேஜைக்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.
கண்காணிப்பாளர் அவன் பக்கம் நடந்தார்.
நான் என் அறுகோணத்தை
இன்னொரு முறை அழுத்தி வரைந்தேன்.

கடைசித் தாள் முடிந்த அன்று
எட்டுக்கே படுத்துவிட்டேன்.
பத்துக்கு வெளிச்சம் வந்தது.
உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது,
கை பேனாவைத் தேடியது.
மேஜை முழுக்கக் காலி.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை,
இஸ்திரிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.
நாளைக்குப் போட வேண்டிய கடைச் சட்டையை எடுத்து
காலரிலிருந்து தொடங்கினேன்.
நாலு மணி வரை நேரம் இருந்தது.