நிலுவை

குளச்சலிலிருந்து கருங்கலுக்கு
முறுக்கு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான் கிளாட்சன்.
மூடியைத் திறந்ததும் கடைக்குள் கருவாடு மணத்தது.
"சில நேரம் வருது, சில நேரம் வரல்லக்கா.
தட்டினா வருது."

தட்டாதே என்றேன்.
எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

மீன் ஏலக் கமிட்டியின் ஆறு வருசக் கணக்கு.
நோட்டு இருந்ததாம், மழையில் போயிற்றாம்.
கடல் அடைத்துக் கிடக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான்
வரவும் பற்றும் நேர் பார்ப்பார்கள்.

முதல் சந்தேகம் வயர் மேல்.
பரிமாற்றப் பிழை நாலாயிரத்துச் சொச்சம்:
அது தட்டின் குற்றமல்ல, வழியின் குற்றம்.
வயரை மாற்றியதும் எண் நின்றது.
குறையாது, ஒருபோதும் குறையாது.
ஏறாமல் நின்றால் போதும்.

பலகையைக் கழற்றினால்
தொடுபுள்ளிகள் கறுத்துக் கிடந்தன, உப்புக்காற்று.
மகளுடைய பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் எடுத்து
ஒவ்வொன்றாய்த் தேய்த்தேன்,
தப்பாய் எழுதிய வாய்ப்பாட்டை அழிப்பதுபோல்.

பிறகு உடல்நிலைக் குறிப்பு.
மேலே ஒற்றை வரி: நலம்.
நம்பக்கூடாத வரி.
ஆசுபத்திரி வாசலில் தெரிந்தவர் கேட்டால்
நாமும் அதைத்தானே சொல்வோம்.

கீழே படிக்கவேண்டும்.

ஓடிய மணி நாற்பத்தோராயிரத்து இருநூறு;
மின்வெட்டும் பெருநாளும் கழித்தால்
இது கண் மூடியதே இல்லை.
வெப்பம், கண்டதில் அதிகம் அறுபத்தொன்று.
"பக்கத்துல ஐஸ் மிசினுக்க மோட்டார் உண்டும்"
என்றான், தன் காய்ச்சலுக்குக் காரணம் சொல்வதுபோல.

இடம் மாற்றியவை எட்டு.
அலையடித்து வீடு போனவர்களுக்கு
உள்ளே தள்ளிக் காலனியில் வீடு கொடுத்து
பழைய கதவெண்ணையே அதில் எழுதிவைப்பதுபோல.
கடிதம் சரியாகப் போய்ச் சேரும்.
கடற்கரையில் சுவர் இல்லை என்பது
தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

நிலுவையில் இருபத்து நான்கு.

"எங்களுக்க நிலுவையா?"
இல்லை கிளாட்சன், இது தட்டின் நிலுவை.
படிக்கப் பார்த்து முடியாமல்,
கெட்டது என்று சொல்லவும் மனம் வராமல்
ஒத்திவைத்த துண்டுகள்.
மேலே புதிதாய் ஏதாவது எழுதினால்
அன்றைக்கு ஒரு முடிவு தெரியும்.
எழுதினால்
அடியில் இருந்தது போகும்.

எழுதவில்லை. நகலெடுத்தேன்.
முதல் சுற்றில் சண்டையில்லாமல் வருவது மட்டும்.
கீழே பேக்கரிக்காரர் ஷட்டர் இழுத்தார்.
இரண்டாவது சுற்று பின்னாலிருந்து முன்னால்,
மிரண்ட மாட்டை மறுபக்கமாய் வந்து பிடிப்பதுபோல்.
டிக் என்றது. நின்றது. டிக்.
அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

விடியும்போது பதினாறு வந்திருந்தது.
மிச்சம் எட்டும் அடுத்தடுத்து, ஒரே கட்டம்,
கணக்கில் ஒரு பக்கம் காணும்.
அதற்கு முந்தின பக்கம்
கொரற்றி என்ற பெயரில் முடிகிறது.
பிந்தின பக்கம் தொடங்குவது வேறு ஆளின் வள்ளத்தில்.

எழுப்பிக் காட்டினேன்.
நெடுநேரம் திரையையே பார்த்தான்.
"அவளுக்கு வட்டி ரெண்டு வருசமா ஓடுது.
மாப்பிள்ளை போன பொறவு வள்ளமும் கரையிலதான்."
பிறகு, "இன்னும் பாத்தா கிட்டுமா?"

கிட்டலாம்.
ஆறவிட்டு ஆறவிட்டு நூறு தடவை கேட்டால்
ஒரு தடவை வாய் திறக்கும் சில.

"பாக்கண்டாம்னு நான் சொல்லல்ல" என்றான்.
"சொன்னதா நீங்களும் எங்கயும் எழுதண்டாம்."

ரசீதில் எழுதினேன்:
இருபத்து நான்கில் பதினாறு மீண்டது.
எட்டு, இதுவரை, படிக்க இயலவில்லை.
'இதுவரை'யை அடிக்கப்போய், அப்படியே விட்டேன்.

புதிய தட்டை அதே முறுக்கு டப்பாவில் வைத்து
ஏழரை பஸ்ஸுக்குப் போனான்.
பழையது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
ஒரு மணி நேர வேலைதான்.
மின்சாரம் கொடுக்கவில்லை.
மேலே ஒன்றும் எழுதவுமில்லை.