அண்டை எண்

கிளைப்பேடாவில் எனக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்
யாரென்று தெரியாது.
சனிக்கிழமைகளில் சுவரைத் துளைப்பார், அவ்வளவுதான்.
ஆனால் ஏழு-சி-நான்கு என்று தொடங்கும் என் கணினிக்கு
ஏழு-சி-ஆறு அண்டைவீடு.
அது லிமாவில் இருக்கலாம்,
ஏதோ ஒரு கப்பலின் சமையலறையில்கூட இருக்கலாம்.
எண்ணோடு எண்ணை ஒட்டிவைத்து
எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம்.
தூரம் என்றால் எங்களுக்கு அதுதான்.

நடுவில் யாருமில்லை.
பெரிய கிட்டங்கி இல்லை, அதன் வாசலில் சாவிக்கொத்தும் இல்லை.
எதைப் போட்டாலும் அரைத்து
அறுபத்து நான்கு குறிகளாகத் தருகிறது ஹாஷ்.
அந்த எண்ணே விலாசம்.
அந்த எண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கும் மூவர்
பொருளை வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் எழுத்திலும் புள்ளி உண்டு.
ருகிலே என்ற என் பெயரின் கடைசி எழுத்து
தலையில் ஒன்றைச் சுமக்கிறது.
ஒருநாள் விளையாட்டாக அதை எடுத்துவிட்டு அரைத்தேன்.
பழைய முகத்தின் சாடைகூட இல்லை.
புள்ளியில்லாத அந்தப் பெண்
வேறு யார் பொறுப்பிலோ போய்ச் சேர்ந்தாள்.

சென்ற ஏப்ரலிலிருந்து என்னிடம் ஒரு பொட்டலம்.
நான்கு கிலோபைட். பூட்டியது.
கடிதமோ, மருந்துச் சீட்டோ,
ஒரு குழந்தையின் கிறுக்கலோ, திருட்டுக் கணக்கோ.
தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு உடையவரிடமிருந்து வரும்:
வை.
இன்னும் ஒரு நாள் வை.

வராவிட்டால் அழி என்பது விதி.
இருநூற்றுப் பதினான்காம் வரி. எழுதியது நான்தான்.
கன்டீனில், குளிர்ந்த பீட்ரூட் சூப்பின் முன்னால்,
வைதோதாஸ் இரண்டு நாள் தரலாமே என்றான்.
கேட்காத பொருளைச் சுமந்தால் வட்டு நிரம்பிச் சாவோம் என்றேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
இன்றைக்கும் அது சரிதான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், ஆறு நாற்பது.
மணல்தீவுக்குப் போகும் படகு ஊதியது.
ஆறு நாற்பத்தொன்று.
ஏழரை.
பஸ்ஸைத் தவறவிட்டேன்.
நள்ளிரவுக்குச் சற்றுமுன் என் கையாலேயே தட்டினேன்:
வை.
மூவருக்கும் போயிற்று, உடையவரே அனுப்பியதுபோல.

புதன், வியாழன் என்று ஒன்பது நாள் செய்தேன்.
வைதோதாஸிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?
உள்ளே இருப்பது எனக்கே தெரியாது.

பத்தாம் நாள் பால்டிக் காற்று வந்து
மின்கம்பிகளை வாரிக்கொண்டு போயிற்று.
முப்பத்தொரு மணி நேரம் இருட்டு.
மெழுகுவர்த்தியில் கணக்குப் போட்டேன்:
இருபத்து நான்கு போக ஏழு மணி நேரம் மிச்சம்.
ஏழு மணி நேரமாய் அது இல்லை.
ஏனோ அன்று சாப்பிடவில்லை.

வெளிச்சம் வந்ததும் கணினி தன் பங்கைக் கேட்டு அழைத்தது.
அண்டைகள் திருப்பித் தந்தார்கள், பொட்டலம் பொட்டலமாக.
அதில் அதுவும் இருந்தது.
ஆயுள் நீட்டி நான்கு மணி நேரம்தான் ஆகிறது.
ஆறு நாற்பதுக்கு அல்ல.
விடிகாலை, மூன்று பதினேழுக்கு.
பதிவேட்டைப் பின்னோக்கித் திறந்தேன்.
ஏழு-சி-ஆறிலிருந்து நேற்றும் வந்திருக்கிறது.
அதற்கு முந்தைய நாள்களிலும்,
ஒருமுறை இரண்டு பதினொன்றுக்கு, ஒருமுறை ஐந்துக்கு.
இயந்திரம் இப்படி நேரம் தவறாது.
யாரோ தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறார்.

அவருக்கு ஒரு வரி எழுத வழியில்லை.
எங்கள் நெறிமுறையில் மொத்தமே நான்கு பேச்சு:
வை. தேடு. யாரிடம்? இருக்கிறாயா?

நான்காவதை அனுப்பினேன்.
இருநூற்றுத் தொண்ணூறு மில்லிவினாடி கழித்து
இருக்கிறேன் என்று வந்தது.
சனிக்கிழமை.
மேல்மாடியில் துளைக்க ஆரம்பித்தார்.